பாவசங்கீர்த்தனத்தின் வரலாறு



1580-ஆம் ஆண்டிலே கொச்சி நகரில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாயிற்று. அதன் பெயர் ‘கொம்பெசியொனாயரு’. பெயரைக் கேட்டவுடன் இது தமிழ்தானா என்று ஐயுறத் தோன்றும். பாவ அறிக்கைக்கான கையேடு என்னும் பொருளுடைய போர்ச்சுக்கீசியச் சொல்லைத் தமிழெழுத்தில் அவ்வாறு எழுதினார்கள். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1578-இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. 1579-இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூல்களின் வரிசையில் இடம்பெற்ற இம்மூன்றும் இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே பிறந்தவை என்பது, பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. அவற்றுள் ஒன்று, மனிதன் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே எடுத்துச் சொல்வதற்கென எழுதப்பட்டது என்பது அதனினும் சிந்திக்கத்தக்கது.

செய்த பிழையை உணர்ந்து வருந்துதல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான உணர்ச்சியே. பிழைக்கு மாற்றாகிய ‘கழுவாய்’ என்னும் சொல் புறநானூற்றிலேயே வருகிறது. ஆயினும், வருந்தினால் மட்டும் போதுமா? வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டுமா? சொல்வதானால் யாரிடம் சொல்வது? இறைவனிடம் மட்டுமா, ஊரார் முன்னிலையிலா, தனியே ஒரு குருவிடமா? சொன்னபின் அதற்கு ஈடாகச் செய்யவேண்டியது யாது? இவ்வினாக்களுக்குக் கிறிஸ்தவ சமுதாயம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டது. அவ்விடைகளின் வரலாற்றையே இன்று சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் சொல்லின் பொருளை நோக்குவோம். புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் ‘மெட்டனோயா’ என்று ஒரு சொல் வருகிறது. மனம் மாறுதல், எண்ணம் வேறுபடுதல் என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியிலோ இக்கருத்தைக் குறிப்பது ‘திரும்புதல்’ என்னும் பொருளுடைய சொல். வழிதவறிச் சென்றவன் வந்த வழியே வீடு திரும்புவதுபோல் என்று கொள்ளலாம். தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கும் ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல்லில் கிரேக்கரின் மனமும் எபிரேயரின் திரும்புதலும் ஒருங்கே அமைந்துவிட்டன. லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் ஊதாரி மகனின் கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தந்தையின் சொத்தைத் தொலைத்த மகன், அயல்நாட்டில் பன்றி மேய்க்கும் நிலைக்குத் தாழ்ந்து, அங்கே தன் மனத்தைத் திருப்பி, பிறகு காலையும் வீட்டை நோக்கித் திருப்புகிறான். அவன் சொல்ல எண்ணிய வார்த்தைகளை முழுதும் சொல்லி முடிக்குமுன்னரே தந்தை அவனை ஏற்றுக்கொள்கிறார்.

தந்தை ஏற்பது எளிது. ஊரார் ஏற்பது எளிதன்று. முற்காலத் திருச்சபை எதிர்ப்பட்ட சிக்கல் இதுவே. ஞானஸ்நானம் பெற்றபோது பாவமெல்லாம் நீங்கிற்று என்பது நம்பிக்கை. அதன் பின்னரும் ஒருவன் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு முதலிய பெரும் பாவங்களைச் செய்தால் என் செய்வது? கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்னும் அறிஞர், மனந்திரும்புதலைக் கப்பல் உடைந்து கடலில் தத்தளிப்பவன் பற்றிக்கொள்ளும் பலகைக்கு ஒப்பிட்டார். ஆனால் அப்பலகை ஒருமுறைதான் கிட்டும் என்று அக்காலத்தார் கருதினர்.

250-ஆம் ஆண்டில் அந்தச் சிக்கல் முற்றியது. ரோமப் பேரரசன் டேசியஸ், குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். உயிருக்கு அஞ்சிப் பலியிட்டோர் பலர். பலியிடாமலே கைக்கூலி கொடுத்துச் சீட்டு வாங்கியோரும் உண்டு. அச்சீட்டுகள் சில எகிப்தின் மணலில் புதைந்து கிடந்து நம் காலம் வரை தப்பிப் பிழைத்துள்ளன. அடக்குமுறை தணிந்ததும் இவர்கள் கண்ணீரோடு திரும்பிவந்தார்கள். சிறையிற் கிடந்து வாடியோரும், உறவினரைக் கொலைக்களத்தில் இழந்தோரும் இவர்களோடு ஒரே பந்தியில் அமர்வதா? அமரவே கூடாது என்றார் ரோமாபுரியைச் சேர்ந்த நொவாசியன். 251-இல் தனியே பிரிந்தும் சென்றார். கார்த்தேஜ் நகர் ஆயர் சிப்ரியன் நடுவழி கண்டார். தக்க காலம் தவமிருந்தபின், ஒவ்வொருவர் நிலையையும் ஆராய்ந்து, ஏற்றுக்கொள்வோம் என்பது அவர் தீர்ப்பு. சிப்ரியன் கோழையல்லர், 258-இல் தம் விசுவாசத்துக்காகத் தலைகொடுத்தவர். உறுதியாய் நின்ற ஒருவரே தடுமாறியவர்க்காக வாதாடினார் என்பது மறக்கத்தக்கதன்று.

அக்காலத்துத் தவம் ஊரறிய நிகழ்ந்தது. தவசிகள் கோணியுடுத்து, சாம்பல் பூசி, கோயில் வாசலில் நின்று, உள்ளே செல்வோரைத் தமக்காக மன்றாடும்படி வேண்டினார்கள். ஆண்டுகள் பல கழிந்தபின் ஆயர் அவர்கள் தலைமேல் கைவைத்து உள்ளே அழைத்துக்கொள்வார். இதில் ஏழை, செல்வன் என்னும் வேறுபாடில்லை என்பதை 390-ஆம் ஆண்டு உலகம் கண்டது. தெசலோனிக்கா நகரில் படைத்தலைவன் ஒருவன் கலகத்தில் கொலையுண்டான். அதற்குப் பழிவாங்க எழுந்த பேரரசன் தியோடோசியஸின் கட்டளையால் நகர மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டுண்டு மாண்டனர். மிலான் நகர ஆயர் அம்புரோஸ், பேரரசனைக் கோயில் வாசலில் மறித்து நிறுத்தினார் என்று பிற்காலத்தார் புனைந்துரைத்தனர். உண்மையில் அவர் செய்தது, பணிவும் உறுதியும் கலந்த ஒரு கடிதம் எழுதியதே. குற்றத்தை ஒப்புக்கொண்டு தவம் செய்யாதவரை, உம் முன்னிலையில் பலி நிறைவேற்ற மாட்டேன் என்பது அதன் சாரம். பேரரசன் அரச அணிகளைக் களைந்து, மக்கள் காணத் தன் பாவத்துக்காக அழுதான். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளில் மீண்டும் நற்கருணைப் பந்தியில் சேர்க்கப்பட்டான்.

இம்முறையில் உயர்வுண்டு; குறையும் உண்டு. வாழ்நாளில் ஒரேமுறைதான் என்றதால் பலர் தவத்தை மரணப்படுக்கை வரை தள்ளிப்போட்டனர். வாழும் வழியாக இருக்கவேண்டியது சாகும் சடங்காக மாறிற்று. இந்நிலையை மாற்றியோர் ஐரோப்பாவின் மேற்கு விளிம்பிலிருந்த அயர்லாந்து நாட்டுத் துறவிகள். அவர்தம் மடங்களில், சீடன் தன் உள்ளத்துக் குறைகளை ஆன்மிகத் தந்தையிடம் தனியே சொல்லுதலும், அவர் மருந்துபோல ஒரு தவமுயற்சியை விதித்தலும் வழக்கமாயிருந்தன. பாவம் செய்யுந்தோறும் இவ்வாறு செய்யலாம், எண்ணிக்கை வரம்பில்லை. 590-ஐ ஒட்டிக் கொலம்பானுஸ் முதலிய அயர்லாந்துத் துறவிகள் கடல் கடந்து, இன்றைய பிரான்சு நாட்டுக்கு இவ்வழக்கத்தைக் கொணர்ந்தனர். 589-இல் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோவில் கூடிய சங்கம், மீண்டும் மீண்டும் மன்னிப்புப் பெறும் வழக்கத்தைக் கண்டித்துத் தீர்மானித்தது. ஆனாலும் மக்கள் மனம் புதுமுறையையே நாடியது. இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் உண்ணாநோன்பு என்று அட்டவணை வகுத்த நூல்கள் பெருகின. பழைய ஊரறிந்த தவத்தின் எச்சமாகத் தவக்காலத் தொடக்கத்துச் சாம்பல் மட்டும் நின்றது. அச்சாம்பலை விசுவாசிகள் யாவரும் அணியவேண்டும் என்று 1091-இல் பெனவெந்தோ நகரில் கூடிய சங்கம் விதித்தது. பாவி என்று பெயர்பெற்ற சிலர்மேல் கிடந்த சாம்பல் அன்றுமுதல் எல்லார் நெற்றிக்கும் வந்தது. நம் கத்தோலிக்க மக்கள் ‘விபூதித் திருநாள்’ என்று வழங்கிய நாளின் வரலாறு இதுவே.

1215-இல் ரோமாபுரி லாத்தரான் ஆலயத்தில் நான்காம் பொதுச்சங்கம் கூடியது. பகுத்தறியும் வயதடைந்த ஆடவர் பெண்டிர் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பாவங்களைத் தம் பங்குக் குருவிடம் அறிக்கையிடவேண்டும் என்று அது சட்டமியற்றியது. குருவானவர் நோயாளியின் புண்ணை நயமாய் ஆராயும் மருத்துவனைப் போல நடக்கவேண்டும் என்றது. கேட்டதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, வாழ்நாள் முழுதும் தவம் செய்யக் கடுமையான மடத்தில் அடைக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. இந்த இரகசியக் காப்பே பாவசங்கீர்த்தனத்தின் உயிர்நிலை. 1393-இல் பிராகா நகரில் நெப்போமுக்கு யோவான் என்னும் குரு மன்னன் ஆணையால் ஆற்றில் எறியப்பட்டு மாண்டார். அரசியின் பாவசங்கீர்த்தனத்தை மன்னனிடம் சொல்ல மறுத்ததே காரணம் என்று பிற்கால மரபு கூறும்.

கணக்கும் அட்டவணையும் புகுந்த இடத்தில் காசும் புகுவது உலகியல்பு. தவத்தின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் பலன்கள் சீட்டுகளாய் விலைபோயின. 1517-இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் இதனை எதிர்த்துத் தொண்ணூற்றைந்து கருத்துரைகளை எழுதினார். விசுவாசியின் வாழ்நாள் முழுமையுமே மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. லூதர் தனி அறிக்கையை ஒழித்துவிட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கட்டாயத்தையும், எண்ணி எண்ணிச் சொல்லும் கவலையையுமே அவர் விலக்கினார். பாவ அறிக்கையின் ஆறுதலைப் போற்றினார். இங்கிலாந்துத் திருச்சபையோ 1552-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில், சபையார் அனைவரும் ஒருங்கே சொல்லும் பொது அறிக்கையை நாள்தோறும் நடைபெறும் வழிபாட்டின் தொடக்கத்திலேயே வைத்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1551-இல் திரெந்து நகர்ச் சங்கத்தில் தன் கொள்கையை வரையறுத்தது. மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் ஆகிய மூன்றும் மனிதன் செய்யவேண்டுவன, மன்னிப்பு இறைவனுடையது, அதனை வழங்கும் அதிகாரம் குருவுடையது என்பது அதன் சுருக்கம். குருவுக்கும் அறிக்கையிடுவோர்க்கும் இடையே தட்டி வைத்த மரக்கூண்டு, மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோவின் முயற்சியால் பரவியது. கோயிற் கட்டட அமைப்புப் பற்றிய அவரது விதிநூல் 1577-இல் வெளிவந்தது.

மூன்றே ஆண்டு கழித்து வந்தது நம் கொச்சிப் புத்தகம். அதன் ஆசிரியர் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுக்கல் நாட்டு வீலா விசோசாவில் 1520-இல் பிறந்தவர். 1546-இல் கோவாவில் வந்திறங்கி, மறுவருடம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டு முன்னர், 1542-இல் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இருமொழியறிந்தோர் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடஞ் செய்து பரதவ மக்களுக்குக் கற்பித்தார். பாவ அறிக்கைச் செபமும் அவற்றுள் ஒன்று. ஆனால் மனப்பாடஞ் செய்த செபம் வேறு. ஒரு மனிதன் தன் நெஞ்சைத் திறந்து கொட்டும் பேச்சு வேறு. செபத்தைச் சொல்லிக்கொடுக்க மொழிபெயர்ப்பாளன் போதும். மனைவியிடம் காட்டிய கொடுமையையும், கூட்டாளிக்குச் செய்த வஞ்சத்தையும் மூன்றாமவன் ஒருவனை நடுவே வைத்துக்கொண்டு எவன் சொல்வான்? இரகசியம் காக்கப்பட வேண்டுமாயின் கேட்பவர்க்குச் சொல்பவனின் மொழி தெரிந்திருத்தல் வேண்டும்.

இத்தேவை அண்டிரிக் அடிகளாரைத் தமிழ் மாணவராக்கிய காரணங்களுள் முதன்மையானது என்று கருதலாம். அவர் தமிழைக் கற்றதோடு நில்லாமல், தம்மைப் போன்ற ஐரோப்பியர்க்காகப் போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார். புன்னைக்காயலைச் சார்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 1600-இல் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய பாவசங்கீர்த்தனக் கையேட்டின் பழம்படி ஒன்று இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துப் போட்லியன் நூலகத்தில் உள்ளது. பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின்கீழும் ஒருவன் தன்னைத் தானே ஆராய்ந்து பார்க்க வழிகாட்டுவது இத்தகைய கையேடுகளின் இயல்பு. பெரும் புராணங்களிலும் காவியங்களிலும் இடம்பெறாத அன்றாட வாழ்வின் சிறு தவறுகளும் சிறு பொய்களும் இவ்வகை நூல்களால்தான் முதன்முதலாக அச்செழுத்து வரை வந்தன.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1560-இல் கோவாவில் விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. 1812-இல்தான் முற்றாக ஒழிந்தது. அங்கேயும் கேட்டது குற்ற ஒப்புதலே. ஆனால் சிறையும் அச்சமும் வற்புறுத்தலும் அங்கே அதனை வரவழைத்தன. யூத மரபிலிருந்து வந்த புதுக் கிறிஸ்தவர்கள் அம்மன்றத்தின் கைக்குச் சிறப்பாக இலக்காயினர். அண்டிரிக் அடிகளாரோ தாமே யூத மரபில் தோன்றியவர். அதன் காரணமாகவே முன்னர்ச் சேர்ந்திருந்த பிரான்சிஸ்கன் சபையை விட்டு வெளியேற நேர்ந்தவர். ஒரே காலத்தில், ஒரே சமயத்தின் பெயரால், ஓரிடத்தில் அறிக்கை அச்சத்தால் பிடுங்கப்பட்டது. மற்றோரிடத்தில் அது நம்பிக்கையால் மலரவேண்டும் என்று ஒருவர் அயல்மொழி பயின்றார். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளும் நம்பிக்கைத் துரோகம் நேர்ந்ததுண்டு. அவ்விடத்தைத் தீயொழுக்கத்துக்குத் தூண்டும் இடமாக்கிய குருக்களுக்கு எதிராகப் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் 1741-இல் கடுஞ்சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. ஒப்புதலின் மதிப்பெல்லாம் அது தானே முன்வந்து சொல்லப்படுவதிலும், கேட்பவர் அதற்குத் தகுதியுடையவராயிருப்பதிலுமே தங்கியுள்ளது.

‘கொம்பெசியொனாயரு’ என்னும் போர்ச்சுக்கீசியப் பெயர் நாளடைவில் மறைந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘பாவசங்கீர்த்தனம்’. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் சங்கீர்த்தனம் என்றதும், வீதியில் பலர் கூடி இறைபுகழ் பாடிச்செல்லும் காட்சியையே நினைவிற் கொள்வார்கள். பாவத்தையும் பாடிப் புகழ்வதா என்று வியப்பும் தோன்றலாம். ஆனால் இலத்தீன் மொழியிலும் ‘கொன்பெஸ்ஸியோ’ என்னும் சொல்லுக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், இறைவனைப் புகழ்தல் என்னும் இரு பொருளும் உண்டு. 397-ஐ ஒட்டித் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கிய புனித அகுஸ்தீன், அவ்விரு பொருளும் தோன்றவே தம் நூலுக்கு அப்பெயரைச் சூட்டினார். சிறுவயதில் அயலார் தோட்டத்துப் பேரிக்காயைப் பசியில்லாமலே திருடியதை அவர் நாணத்தோடு சொல்கிறார். அவ்வாறு சொல்வதையே தம்மை மீட்ட இறைவனுக்குரிய துதியாகவும் ஆக்குகிறார். தன் குறையைச் சொல்லுதலும் இறைவன் நிறையைச் சொல்லுதலும் ஒரே மூச்சில் நிகழும் என்னும் கருத்து, இலத்தீனில் போலவே தமிழ் வழக்கிலும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715-க்குள் அச்சேறி முடிந்தது. அதன்பின் வளர்ந்த சீர்திருத்தச் சபைகளில் மனந்திரும்புதல், பாவ அறிக்கை என்னும் சொற்கள் நிலைபெற்றன. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் 1973-இல் புதிய சடங்குமுறையை வெளியிட்டது. தமிழில் ‘ஒப்புரவு’ என்னும் இனிய சொல் வழக்குக்கு வந்தது. ஒப்புரவு என்பது உலகத்தோடு பொருந்தி வாழ்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பாவம் இறைவனோடு மட்டுமன்றி அயலானோடும் உறவை முறிக்கிறது. ஆகவே இருவரோடும் மீண்டும் ஒத்துப்போதல் வேண்டும் என்பது இதன் கருத்து. கோயில் வாசலில் கோணியுடுத்து நின்ற பழங்காலத் தவசி அறிந்திருந்த உண்மை இச்சொல்லில் திரும்பவும் தலைகாட்டுகிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ரோமாபுரிப் பேராலயத்தில், திருச்சபையின் மக்கள் கடந்த நூற்றாண்டுகளில் உண்மையின் பெயரால் செய்த வன்முறைக்காகவும், யூதர்க்கு இழைத்த தீங்குக்காகவும் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயர் பேரரசனிடம் கேட்டதைத் திருச்சபை தன்னிடமே கேட்டுக்கொண்ட நாள் அது.

நேயர்களே! பிழைப்பின் பொருட்டு நாம் பல மாநிலங்களில் வாழ்கிறோம். அலுவலகத்தில் ஒரு மொழி, அங்காடியில் ஒரு மொழி, அண்டை வீட்டாரோடு ஒரு மொழி என்று பழகிவிட்டோம். ஆயினும் உள்ளம் உடைந்து ‘தவறிவிட்டேன்’ என்று சொல்ல நேரும்போது நம்மையறியாமலே தாய்மொழிதான் வாயில் வருகிறது. கடல் கடந்து வந்த ஒருவர் நானூறு ஆண்டுகட்கு முன்னரே இதனை உணர்ந்து, நம் மொழியைக் கற்று, அதனை அச்சிலும் ஏற்றினார். அவர் சமயத்தைச் சாராதாரும் அவர் கண்ட உண்மையை ஏற்கலாம். பிறர் குற்றத்தைக் கூறப் பிறமொழி போதும்; தன் குற்றத்தைக் கூறத் தன் மொழி வேண்டும். கேட்பதற்கு, அம்மொழியறிந்த ஒரு நல்ல நெஞ்சமும் வேண்டும்.